ரிச்சர்ட் தாம்சன்: ‘வின்சென்ட்’ பாட்டு பிடித்தது, ஆல்பம் பிடிபடவில்லை. எங்கே தொடங்குவது?

வேப்பங்காற்று (கேள்வி)

வணக்கம். இங்கிலாந்துப் பாடகர், கிட்டார் கலைஞர் ரிச்சர்ட் தாம்சன் ‘1952 வின்சென்ட் பிளாக் லைட்னிங்’ பாட்டை மேடையில் தனியாக நின்று பாடும் வீடியோ ஒன்றைப் பார்த்தேன். கையில் ஒரே ஒரு அகௌஸ்டிக் கிட்டார். கீழே பேஸ் ஒரு பக்கம், மேலே மெலடி ஒரு பக்கம் என்று இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பது மாதிரி கேட்கிறது. கதையும் என்னை விடவில்லை. ஜேம்ஸ் என்ற திருடன், ரெட் மாலி என்ற பெண், தலைப்பில் வரும் அந்த மோட்டார் பைக். கடைசியில் அவன் சாவியை அவளிடம் கொடுக்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் கண் கலங்குகிறது.

அந்தப் பாட்டு ‘ரூமர் அண்ட் சை’ (1991) ஆல்பத்தில் இருக்கிறது என்று அதை முழுதாகக் கேட்டேன். மற்ற பாட்டுகளை வேறு யாரோ பாடியது போல இருந்தது. பெரிய டிரம்ஸ், கீபோர்டு, எலக்ட்ரிக் கிட்டார். சரி, ஆரம்பத்திலிருந்து வரிசையாகப் போவோம் என்று 1972இல் வந்த ‘ஹென்றி த ஹியூமன் ஃபிளை’ போட்டேன். பாதிக்கு மேல் போக முடியவில்லை.

பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அவர் முதலில் இருந்த ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற குழு, மனைவி லிண்டாவோடு சேர்ந்தவை, தனி ஆல்பங்கள், லைவ், பாக்ஸ் செட். எதை முதலில் கேட்பது? ஸ்ட்ரீமிங்கில்தான் கேட்கிறேன், பாட்டு வரிகளைப் படித்துக்கொண்டே.

தந்திக்கூடு

உங்களைப் பிடித்து இழுத்தது அந்தத் தனிக் கிட்டாரும் குரலும். ‘ரூமர் அண்ட் சை’ மிட்செல் ஃப்ரூம் தயாரித்த பேண்ட் ஆல்பம். அதில் வின்சென்ட் மட்டும் தனித்து நிற்கும், அதனால்தான் மற்றவை அந்நியமாகப் பட்டன. ஆல்பம் மேல் குறை இல்லை, அதற்கு நேரம் வரும்.

இப்போதைக்கு 2014இல் வந்த ‘அகௌஸ்டிக் கிளாசிக்ஸ்’ கேளுங்கள். பழைய பாட்டுகளைத் தனி ஆளாக, ஒற்றைக் கிட்டாரோடு புதிதாகப் பதிவு செய்தது. வின்சென்ட்டும் உண்டு. அதில் எந்தப் பாட்டு உங்களை நிறுத்துகிறதோ, அது முதலில் வந்த ஆல்பத்துக்குப் போங்கள். வருட வரிசை வேண்டாம். ‘பாப்புலர்’ பட்டியலும் வேண்டாம், அது ஐம்பது வருடத்தையும் கலந்து கொட்டிவிடும், எது எந்தக் காலத்துக் குரல் என்றே தெரியாது.

மார்கழிப்பனி

தந்திக்கூடு சொல்வது நல்ல வழிதான். ஆனால் முதல் ஆல்பம் என்று ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் நான் சொல்வது ‘ஐ வாண்ட் டு சீ த பிரைட் லைட்ஸ் டுநைட்’ (1974). ரிச்சர்டும் லிண்டாவும் சேர்ந்து போட்ட முதல் ஆல்பம். கதைப் பாட்டும் வரிகளும் பிடிக்கிறவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

இதில் லிண்டாவின் குரலைக் கவனியுங்கள். கொஞ்சம்கூட அழுத்திப் பாட மாட்டார், நேராக நின்று சொல்வது போல இருக்கும். ரிச்சர்ட் எழுதும் இருண்ட வரிகளுக்கு அந்த அமைதிதான் தேவை. தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். வாரம் முழுக்க வேலை செய்து களைத்த ஒரு பெண், வார இறுதி வந்ததும் வெளியே போய் ஆடவேண்டும் என்கிறாள். பின்னால் ஒரு பித்தளை வாத்தியக் குழு வாசிக்கிறது. வடக்கு இங்கிலாந்தின் தொழிற்சாலை ஊர்களில் வளர்ந்த இசை அது. அந்தச் சத்தம் வந்ததுமே அவள் எந்த மாதிரி ஊரிலிருந்து பேசுகிறாள் என்று தெரிந்துவிடும்.

‘த எண்ட் ஆஃப் த ரெயின்போ’ ரிச்சர்டே பாடுவது. தொட்டில் குழந்தையைப் பார்த்து, வளர்ந்து நீ பார்க்க இங்கே ஒன்றும் இல்லை என்கிற பாட்டு. தாலாட்டு மெட்டில் இப்படி ஒன்றை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இரவில் தனியாகக் கேட்டால் கனமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பாட்டு ‘த கிரேட் வலேரியோ’, கயிற்றில் நடக்கும் வித்தைக்காரனைப் பற்றியது. ஒரு கிட்டார், லிண்டாவின் குரல், அவ்வளவுதான். வின்சென்ட் பிடித்த ஆளுக்கு அந்த ஐந்து நிமிடம் கட்டாயம் பிடிக்கும்.

அது பிடித்தால் அடுத்தது ‘போர் டவுன் லைக் சில்வர்’ (1975). அவர்கள் சூஃபி வழியில் இஸ்லாத்தைத் தழுவிய காலம். வாத்தியங்கள் குறைந்து, எலும்பும் தோலுமாக இசை நிற்கும். முடிவில் வரும் ‘டிம்மிங் ஆஃப் த டே’யை இன்றுவரை எத்தனையோ பேர் பாடுகிறார்கள். லிண்டா பாடி முடித்ததும் ரிச்சர்டின் கிட்டார் மட்டும் ஒரு பழைய ஸ்காட்டிஷ் மெட்டை வாசிக்கும், அதற்குள் அணைத்துவிடாதீர்கள்.

ஊசிமுனை

யாரும் எலக்ட்ரிக் கிட்டாரைப் பற்றிப் பேசவில்லையே. பாதி தாம்சன் அங்கேதான் இருக்கிறார். ‘ஷூட் அவுட் த லைட்ஸ்’ (1982), எட்டே பாட்டு. தலைப்புப் பாட்டின் சோலோவை ஹெட்போனில் கேளுங்கள். ப்ளூஸ் வாசிக்கிறவர்கள் வழக்கமாகப் போகும் பாதையில் போக மாட்டார். ஸ்காட்லாந்து பைப் வாத்தியம் போல ஒரு சுரத்தைக் கீழே பிடித்துக்கொண்டு மேலே வளைத்து வளைத்து அறுப்பார்.

இன்னொன்று. இதை ‘விவாகரத்து ஆல்பம்’ என்று எல்லா இடத்திலும் எழுதுவார்கள். ஆல்பம் வந்த சமயத்தில் இருவரும் பிரிந்தது உண்மை, அதன் பிறகும் 1982இல் அமெரிக்கா முழுக்கச் சேர்ந்து மேடையேறியதும் உண்மை. ஆனால் பெரும்பாலான பாட்டுகள் அதற்கு முன்பே எழுதப்பட்டவை. பாடகர் ஜெரி ராஃபர்ட்டி தயாரித்து வெளிவராமல் போன பதிவிலேயே பல இருந்தன. ‘வாக்கிங் ஆன் எ வயர்’ பாட்டை டைரிக் குறிப்பாகக் கேட்டால் அது சுருங்கிப்போகும். பாட்டாகக் கேளுங்கள்.

வேப்பங்காற்று

எல்லோருக்கும் நன்றி. ‘அகௌஸ்டிக் கிளாசிக்ஸ்’ கேட்டேன், ‘பீஸ்விங்’ பாட்டில் நின்றுவிட்டேன். அது ‘மிரர் புளூ’ (1994) ஆல்பத்தில் வந்ததாமே. அப்புறம் ‘பிரைட் லைட்ஸ்’. மார்கழிப்பனி, ‘வலேரியோ’ பற்றி நீங்கள் சொன்னது சரி. இப்போது லிண்டா பாடிய எல்லாவற்றையும் தேடிக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

இரண்டு சந்தேகம். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் கேட்பது அவசியமா? மூன்று டிஸ்க் பாக்ஸ் செட் ‘வாட்சிங் த டார்க்’ (1993) வாங்கலாமா, இங்கே பழைய பிரதி ஒன்று கிடைக்கிறது.

மார்கழிப்பனி

பாக்ஸ் செட் இப்போது வேண்டாம். பாட்டுகள் கால வரிசையில் இல்லை, லைவும் வெளிவராத பதிவுகளும் நிறைய. ஏழெட்டு ஆல்பம் பழகியவருக்கு அது பொக்கிஷம், புதிதாக வருபவருக்குக் குழப்பம்.

ஃபேர்போர்ட் கட்டாயம், ஆனால் ஒரு ஆல்பம் போதும்: ‘லீஜ் அண்ட் லீஃப்’ (1969). அந்த வருடம் மே மாதம் கச்சேரி முடிந்து லண்டன் திரும்பும்போது அவர்கள் வேன் எம்1 நெடுஞ்சாலையில் விபத்தில் சிக்கியது. டிரம்மர் மார்ட்டின் லேம்பிள் இறந்தார், வயது 19. ரிச்சர்டின் தோழி ஜீனி ஃபிராங்க்லினும் இறந்தார். குழுவே கலைந்துவிடும் என்ற நிலை. மிஞ்சியவர்கள் புது டிரம்மரையும் வயலின்காரர் டேவ் ஸ்வார்பிரிக்கையும் சேர்த்துக்கொண்டு, கிராமத்து வீடொன்றில் தங்கி, நூற்றாண்டுகள் பழைய ஆங்கில, ஸ்காட்டிஷ் கதைப் பாடல்களை எலக்ட்ரிக் வாத்தியங்களோடு வாசித்துப் பார்த்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆல்பம் வந்துவிட்டது. ‘மேட்டி குரோவ்ஸ்’, ‘டேம் லின்’ இரண்டையும் வரிகளோடு கேளுங்கள். பாடுவது சாண்டி டென்னி.

உங்களுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பழைய கதைப் பாடல்களில் கொள்ளைக்காரன் இருப்பான், காதலி இருப்பாள், சாகும் தறுவாயில் ஒரு பரிசு கைமாறும். வின்சென்ட் பாட்டின் எலும்புக்கூடு அதேதான், குதிரை நிற்க வேண்டிய இடத்தில் 1952ஆம் வருட பைக் நிற்கிறது. இருபது வயதில் அந்தப் பாடல்களோடு வாழ்ந்த ஆள்தான் பிறகு அதை எழுதினார். இந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வின்சென்ட்டுக்குத் திரும்புங்கள், அது இன்னும் பெரிதாகத் தெரியும்.

ஊசிமுனை

ஒரு கூடுதல் யோசனை. ‘யூ? மீ? அஸ்?’ (1996) இரண்டு டிஸ்க். ஒன்று எலக்ட்ரிக், மற்றது அகௌஸ்டிக். ‘ரேஸர் டான்ஸ்’, ‘ஹைட் இட் அவே’ இரண்டும் இரண்டு டிஸ்கிலும் வருகின்றன. அடுத்தடுத்துக் கேட்டால் எலக்ட்ரிக் தாம்சன் உங்களுக்குப் பழகிவிடும். அப்புறம் ‘ரூமர் அண்ட் சை’க்குத் திரும்பி, ‘ஐ மிஸ்அண்டர்ஸ்டுட்’ பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

வேப்பங்காற்று

நிச்சயம் செய்கிறேன். கடைசியாக ஒன்று, தந்திக்கூடு அண்ணா. வின்சென்ட் வாசித்துப் பார்க்கிறேன், சாதாரண டியூனிங்கில் அந்த பேஸ் வரவே மாட்டேன் என்கிறது.

தந்திக்கூடு

சாதாரண டியூனிங்கில் வராது. ஆறாவது தந்தியை ஈயிலிருந்து சி வரை இறக்குங்கள், ஐந்தாவதை ஏயிலிருந்து ஜிக்கு. மற்ற நான்கும் அப்படியே. கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மூன்றாவது ஃப்ரெட்டில். பிக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து அதால் பேஸ் தந்திகளை அடிக்க வேண்டும், மேல் தந்திகளை நடுவிரலும் மோதிரவிரலும் மீட்ட வேண்டும். அவர் வாசிப்பதே அப்படித்தான். முதலில் பாடாமல், பேஸை மட்டும் மெதுவாக ஓட்டிப் பழகுங்கள். அது தானாக ஓடத் தொடங்கிய பிறகு மெலடியைச் சேர்க்கலாம். தந்தி ரொம்பத் தளர்ந்து கரகரத்தால் ஆறாவதுக்குக் கொஞ்சம் தடித்த தந்தி போடுங்கள்.