நடந்தா மூச்சு வாங்குது: நிக்கணுமா, நடக்கணுமா?

மதுரை தையற்கடை:
வணக்கம். வயசு 58. விளக்குத்தூண் பக்கம் தையல் கடை. சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட்டு இளைக்கிற நுரையீரல் வியாதின்னு சொல்லி ரெண்டு வருஷமாச்சு, பீடியை அன்னைக்கே விட்டாச்சு. காலையில டியோட்ரோபியம் இன்ஹேலர், இளைச்சா சல்பூட்டமால். இப்ப டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கார். தெப்பக்குளத்துக்குப் போறேன். ஒரு பக்கம் முடியுறதுக்குள்ள மூச்சு வாங்கி நெஞ்சு ஏறி இறங்குது. கூட வர்ற வீட்டுக்காரம்மா "உங்களுக்கு இதெல்லாம் தேவையா, வந்து உட்காருங்க"ன்னு கையைப் பிடிச்சு இழுக்குறாங்க. இப்படி மூச்சு வாங்க வாங்க நடந்தா நுரையீரல் இன்னும் கெட்டுடுமோன்னு அவங்களுக்குப் பயம். எனக்கும்தான். மகன் மூணு பந்து வச்ச உறிஞ்சுற கருவி வாங்கித் தந்திருக்கான். வீட்டுல உட்கார்ந்து அதைப் பண்ணினா போதாதா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

சேலம் இட்லிக்கடை அம்மா:
தம்பி, எனக்கு 66. பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல விறகடுப்புல இட்லிக்கடை போட்டேன். அந்தப் புகையில வந்தது, உங்களுக்கு இருக்கிற அதே வியாதி.

முதல்ல உங்க பயத்துக்குப் பதில் சொல்றேன். நடக்கும்போது மூச்சு வாங்குறதால நுரையீரல் கெடாது. எனக்குப் பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பொண்ணு நல்லாப் புரிய வச்சா. நமக்கு உள்ள போன காத்து முழுசா வெளிய வராது. பதறிப் பதறி மூச்சு விட்டா பழைய காத்து உள்ளேயே தேங்கி, புதுக் காத்துக்கு இடமில்லாமப் போகுது. தவிப்பு அதனாலதான். அதுக்குப் பயந்து உட்கார்ந்துட்டா தொடைச் சதை கரைஞ்சுடும். சதை கரைஞ்ச காலுக்குச் சின்ன வேலைக்கே நிறைய மூச்சு வேணும். அப்புறம் குளிச்சிட்டு வரவே இளைக்கும். உட்கார உட்கார இந்த வியாதி நம்மளை இன்னும் உட்கார வச்சிடும் தம்பி.

அதனால மூச்சை வெளிய விடுறதுலதான் கவனம் வேணும். மூக்கால இழுக்கும்போது ரெண்டு அடி வைங்க. விளக்கை அணைக்கிற மாதிரி உதட்டைக் குவிச்சு விடும்போது நாலு அடி. முக்கி ஊதக்கூடாது, தானாப் போகட்டும். படி ஏறினா காலைத் தூக்கி வைக்கிற நேரத்துல மூச்சை விடணும், இழுக்கும்போது நின்னுக்கணும். கிளம்புறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி ஸ்பேசர் (இன்ஹேலர்ல மாட்டுற குழல்) வச்சு சல்பூட்டமால் எடுக்கச் சொன்னார் என் டாக்டர். உங்க டாக்டர்கிட்டயும் கேட்டுக்கங்க.

பேச்சு வராம திணறுற வரைக்கும் போகாதீங்க, அதுக்கு முன்னாடியே நில்லுங்க. குளத்துச் சுவர் ஓரமாவே நடந்தா வசதி. முழங்கையைச் சுவர்ல ஊனி, முன்னால சாஞ்சு நின்னா தோள் தளர்ந்து மூச்சு இறங்கும். இறங்கினதும் திரும்ப நடங்க, வீட்டுக்குத் திரும்பிடாதீங்க. நின்னு நின்னு நடந்ததும் கணக்குல சேரும். வீட்டுக்காரம்மாவைச் சும்மா கூட்டிட்டுப் போகாம, கையில கடிகாரத்தைக் கொடுத்து நின்னதுல இருந்து பார்க்கச் சொல்லுங்க. ஏறின மூச்சு கொஞ்ச நேரத்துல இறங்குறதை அவங்களே பார்த்தா பயம் தெளியும். என் மருமகளுக்கு அப்படித்தான் தெளிஞ்சுது.

இன்னொண்ணு, கை. கொடியில துணி போடுறப்ப நடக்கிறதைவிட எனக்கு அதிகமா இளைக்கும். மூச்சுக்கு உதவுற கழுத்து, தோள் சதையெல்லாம் கையைத் தூக்கப் போயிடுதாம். அரை லிட்டர் பாட்டில் ரெண்டுல தண்ணி நிரப்பி, மூச்சை விட்டுக்கிட்டே தூக்கி, இழுத்துக்கிட்டே இறக்குறேன். இப்ப ஈரப் புடவையை நானேதான் பிழிஞ்சு போடுறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுறதில்ல.

போகி, தீபாவளிப் புகையில வெளிய போகாதீங்க, கூடத்துலயே நடங்க. சளி பச்சையா மாறி, அளவும் கூடி, இளைப்பு ஏறினா நடையை விட்டுட்டு டாக்டரைப் பாருங்க. சரியானதும் பழைய தூரத்துக்குத் தாவாம, பாதியில இருந்து தொடங்குங்க.

பிசியோ கோவை:
நுரையீரல் மறுவாழ்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். அம்மா சொன்னது அத்தனையும் சரி. ஐயா, தொடங்கும் முன் 6 நிமிட நடைச் சோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். 30 மீட்டர் நடைபாதையில் நடக்கவைத்து, தூரத்தையும் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் சதவீதத்தையும் குறிப்போம். உட்கார்ந்திருக்கும்போது 95 காட்டுகிற சிலருக்கு நடந்தால் 88க்குக் கீழே போய்விடும். அவர்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும், அது ஆக்சிஜனாகவும் இருக்கலாம்.

மூச்சிரைப்புக்கு 0 முதல் 10 வரை மனதுக்குள் மதிப்பெண் போடுங்கள். தனியாக நடக்கும்போது 3, 4 போதும். எங்கள் மேற்பார்வையில் என்றால் 5, 6 வரை விடுவோம். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் மதிப்பெண் பார்க்காமல் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

மூன்று பந்துக் கருவி பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொடுப்பது. அதனால் கால் சதைக்குப் பலன் எதுவும் இல்லை, நடைக்கு அது ஈடில்லை. அடுத்த ஸ்பைரோமெட்ரியில் (ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை) எண் கூடவில்லையே என்றும் வருந்தாதீர்கள். பயிற்சி அந்த எண்ணைப் பெரிதாக மாற்றுவதில்லை. நடக்கும் தூரம் கூடும், அதே வேலைக்கு இளைப்பு குறையும். வாரத்தில் 3 நாளாவது விடாமல் செய்தால் 6 முதல் 8 வாரத்தில் தெரியும்.

நெல்லை வாசகன்:
எனக்கு டிபி வந்து ஆறின இடத்துல பிராங்கியெக்டாசிஸ், அதாவது மூச்சுக்குழாய் விரிஞ்சு சளி தேங்குற வியாதி. சளி அதிகம். உங்களுக்கும் காலையில சளி கட்டினா, முதல்ல அதை எடுத்துட்டுக் கிளம்புங்க அண்ணாச்சி. சும்மா இருமி இருமி எடுத்தா களைச்சுப் போவீங்க. ஆழமா நாலஞ்சு மூச்சு இழுத்துட்டு, வாயைத் திறந்து தொண்டையில இருந்து "ஹா"ன்னு வேகமா விடுங்க. சளி மேல ஏறி வரும், அப்புறம் ஒரு இருமல் போதும். சளியோட நடந்த நாளுக்கும் எடுத்துட்டு நடந்த நாளுக்கும் நல்ல வித்தியாசம் தெரியும்.

மதுரை தையற்கடை:
ரொம்ப நன்றி அக்கா. வீட்டுக்காரம்மாவுக்கு முழுசா வாசிச்சுக் காட்டினேன். கடிகாரம் அவங்க கையிலதான் இனி. பிசியோ மேடம், ஒரு சந்தேகம். நாள் முழுக்க கால் மிஷின் மிதிக்கிறேனே, அது பயிற்சியில சேராதா?

பிசியோ கோவை:
மிதிக்கும்போது கணுக்கால்தான் அதிகம் அசையும். தொடைக்கு வேலை குறைவு. கடையில் ஆள் இல்லாத நேரம் ஸ்டூலைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். எழும்போது மூச்சை விட வேண்டும். 5 முறையில் தொடங்கி, இளைப்பு 4ஐத் தாண்டாத வரை மெல்லக் கூட்டுங்கள். துணி உதறும்போது மட்டும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள் ஐயா.