புதுப்பிப்பு: பறக்கும் இனங்களுக்குத் தடை, திருத்திய விதி

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் ஆராகோக்ரா (பறவை மனிதர்கள்) போன்ற பறக்கும் இனங்களை முதல் நிலையில் அனுமதிக்கவே கூடாது என்று முன்பு எழுதியிருந்தேன். முழுத்தடை அவசியமில்லை, கீழே உள்ள திருத்தம் போதும்.

சிக்கல் இதுதான்: மந்திரவாதிக்கே பறக்கும் மந்திரம் 5ஆம் நிலையில்தான் கிடைக்கும். 2015இல் வந்த ஆராகோக்ராவுக்கோ எடுத்த எடுப்பிலேயே ஒரு முறைக்கு 50 அடி பறக்கும் வேகம். நீள்வில்லோடு மேலே போய் நின்றால் 150 அடி வரை தொலைவுக்கான பாதகமின்றி எய்யலாம். கீழே நிற்கும் ஓநாய்கள் அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்!

திருத்தம்: 5ஆம் நிலை வரும்வரை, பறக்கும் பாத்திரம் தன் முறை முடியும்போது தரையிலோ கிளை, கூரை போன்ற பிடிமானத்திலோ இருக்க வேண்டும். இல்லையென்றால் விழும், 10 அடிக்கு ஒரு டி6 (ஆறுமுகப் பகடை) சேதம். பள்ளம் தாண்டலாம், மதில் ஏறலாம். 25 அடி ஏறி, எய்து, 25 அடி இறங்கும் தந்திரத்தை யாராவது நிச்சயம் கண்டுபிடிப்பார்கள். விட்டுவிடுங்கள், இறங்கியதும் ஓநாய்க்கு எட்டும். மரக்கிளைதான் ஓட்டை: மரங்கள் உள்ள இடத்துச் சண்டையில் அம்பெய்யும் எதிரி இரண்டு பேரைச் சேருங்கள்.

நடுத்தர, கன கவசத்தோடு பறக்க முடியாது என்று அந்த இனத்துக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை.

பாத்திரம் உருவாக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பாத்திரத்தின் திறன்களுக்கான 27 புள்ளிகளையும் வில்லாளிக்கென்று பிரித்த பிறகு சொன்னால் சண்டைதான்.