நெடும்பயண மோட்டார் இருக்கைக்கு எந்த உறை நீடிக்கும்: வினைலா, தோலா, வலைத்துணியா?

சிப்புட் பயணி:

அனைவருக்கும் வணக்கம். நான் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். பக்கத்துத் தோட்டத்துச் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். என்னிடம் உள்ள ஹோண்டா சிபி500எக்ஸ் மோட்டாரின் இருக்கையை நெடும்பயணத்துக்கு ஏற்றவாறு மாற்றி அமைத்து வருகிறேன். பஞ்சு வேலை முடிந்துவிட்டது. ஓட்டுபவர் அமரும் இடத்தை அகலப்படுத்தி, என் மனைவி அமரும் பின்பகுதியைச் சற்றுச் சமமாக்கியிருக்கிறோம். இனி உறையைத் தேர்ந்தெடுப்பதுதான் மீதமுள்ளது.

இந்த மோட்டார் வேலை நாள்களில் ஆலை வாசலில் கூரை இல்லாத இடத்தில் காலை முதல் மாலை வரை நிற்கிறது. நண்பகல் வரை வெயிலில் காய்ந்து, பிற்பகலில் மழையில் நனைவது இங்கே வழக்கம். பள்ளி விடுமுறைகளில் கிரிக் வழியாக ஜெலிக்குச் செல்லும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையிலும், சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கும் நாங்கள் இருவரும் போவதுண்டு. எனவே வெயில், மழை, மலைக்குளிர் ஆகிய மூன்றையும் இந்த உறை தாங்க வேண்டும்.

ஊரில் உள்ள குஷன் கடையில் மூன்று வகைகளைக் காட்டினார்கள். ஒன்று படகு இருக்கைகளுக்குப் பயன்படும் கனமான மரைன் வினைல். மற்றொன்று காருக்குப் போடுகிற, தொட்டால் மிகவும் மென்மையாக இருக்கும் பியு செயற்கைத் தோல். மூன்றாவது உண்மையான மாட்டுத் தோல். நண்பர் ஒருவரோ இவை எதுவும் வேண்டாம், காற்றோட்டமுள்ள வலைத்துணியே போதும் என்கிறார். கைக்குப் பிடித்தது பியு தோல்தான், விலையும் குறைவு. ஆனாலும் ஒருமுறை தைத்தால் பல ஆண்டுகள் நிற்க வேண்டும் என்பதால், பயன்படுத்திப் பார்த்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். நூல், தையல் பற்றிய விவரங்களும் தெரிந்தால் எழுதுங்கள்.


கூலிம் தையல்:

வணக்கம் தம்பி. எங்கள் குடும்பத்தில் மோட்டார் இருக்கை தைப்பதே தொழில், நானும் அதைத்தான் செய்கிறேன். முதலில் பியு தோலைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அது கையில் மென்மையாக இருப்பது உண்மைதான். ஆனால் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பியு தோலில் பெரும்பாலானவை பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேன் பூச்சு கொண்டவை; ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பூச்சின் வேதிப்பிணைப்புகளைத் தண்ணீரே அறுத்துவிடும். இதை நீராற்பகுப்பு என்பார்கள். வெயிலில் வைக்காமல் அலமாரியில் பூட்டி வைத்த பையும் காலணியும்கூட நம் நாட்டில் செதில் செதிலாக உரிந்து போவதற்கு இதுதான் காரணம். பாலிகார்பனேட் வகைப் பூச்சு இதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், தன்னிடம் இருப்பது எந்த வகை என்பதை ஒரு சாதாரணக் கடைக்காரர் அறிந்திருக்க வாய்ப்பு குறைவு. காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் அதிகமாக இருக்கும் ஊரில், திறந்தவெளியில் நிற்கும் மோட்டாருக்கு அதைப் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

உங்கள் பயன்பாட்டுக்கு மரைன் வினைலே பொருந்தும். அதிலும் பின்புறத்தைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். பின்னல் துணி ஒட்டப்பட்டிருந்தால் அது வளைவுகளுக்கு இழுபடும். நெய்த துணி ஒட்டப்பட்டிருந்தால் இழுபடாது, இருக்கையின் மூக்குப் பகுதியிலும் இடுப்பு ஒடுங்கும் இடத்திலும் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தைப் போக்கவே கூடுதல் தையல் போட நேர்கிறது, கூடுதல் தையல் என்றால் கூடுதல் துளைகள். பின்னல் துணி ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் இழுபடும் என்பதால், அதிகம் இழுபடும் திசை இருக்கையின் குறுக்கே வருமாறு வெட்டச் சொல்லுங்கள்.

வினைல் என்பது பிவிசி என்னும் நெகிழி, அது இயல்பில் விறைப்பான பொருள். அதை வளையச் செய்வதற்காக இளக்கிகளைச் சேர்க்கிறார்கள். வெயிலின் சூட்டில் அந்த இளக்கிகள் மெல்ல வெளியேறும்போதுதான் உறை தகடுபோல் இறுகி வெடிக்கிறது. மரைன் வகையில் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானமும் பூஞ்சணத்தைத் தடுக்கும் சேர்மானமும் இருப்பதால் இந்த முடிவு தள்ளிப்போகிறது, ஆனால் வராமலே போவதில்லை. பெட்ரோல், தின்னர் ஆகியவற்றால் துடைப்பவர்கள் அதைத் தாங்களே விரைவுபடுத்துகிறார்கள். மென்மையான சோப்பு நீரும் ஈரத்துணியும் போதும். பளபளப்புக்காகச் சிலிக்கோன் திரவம் பூசுவதையும் தவிர்த்துவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது பின்னால் இருப்பவர் உங்கள் மீது வழுக்கி வருவார்.

நூலைப் பற்றிக் கேட்டதற்கு மகிழ்ச்சி; பெரும்பாலோர் கேட்பதில்லை. பருத்தி நூல் நம் ஈரத்தில் மக்கிப்போகும். நைலான் நூல் வலிமையானதுதான், ஆனால் வெயிலில் பாலியெஸ்டரைவிட விரைவாகத் தளர்ந்துவிடும். புற ஊதாக் கதிர் தாங்கும் ஒட்டுப்பூச்சிட்ட பாலியெஸ்டர் நூலில் டெக்ஸ் (நூலின் பருமனைக் குறிக்கும் அலகு) 70 அல்லது 90 அளவைக் கேளுங்கள். தையலின் நீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இருக்கட்டும். நெருக்கமாகத் தைத்தால் வலிமை கூடும் என்று நினைக்கிறார்கள். வினைலில் அது நேர்மாறாக முடியும், ஏனென்றால் நெருங்கிய துளைகள் தபால்தலைத் தாளைப்போல் கிழிவதற்கு வழி போட்டுக் கொடுத்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது தையல் எங்கே விழுகிறது என்பதுதான். வினைல் வழியாகத் தண்ணீர் போகாது, ஊசித்துளை வழியாகத்தான் போகும். நீங்கள் அமரும் பள்ளத்தின் நடுவே அழகுக்காகக் குறுக்குத் தையலோ வைரக்கட்டமோ போட்டால், மழைநீர் தேங்கும் இடத்திலேயே நூற்றுக்கணக்கான துளைகளைத் திறந்து வைத்ததாகும். கீழே உள்ள பஞ்சு அந்த நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, மறுநாள் வெயிலில் உறை காய்ந்த பிறகும் நீங்கள் உட்கார்ந்தவுடன் கால்சட்டைக்குத் திருப்பிக் கொடுக்கும். அமரும் பரப்பு ஒரே துண்டாக இருக்கட்டும், தையல் பக்கவாட்டின் சரிவில் இறங்கட்டும்.


கிரிக் மலைச்சாலை:

தையல் அக்கா சொன்னதோடு நான் முழுமையாக உடன்படுகிறேன், ஆனால் வினைலில் ஒரு குறை உண்டு: அது வியர்வையை வெளியே விடாது. கிரிக்கிலிருந்து ஜெலி வரை மலையேறும்போது காற்று குளிர்ந்திருப்பதால் இது தெரியாது. சமவெளியில், பிற்பகல் வெயிலில், மணிக்கணக்காக அமர்ந்திருக்கும்போதுதான் துணி உடலோடு ஒட்டி, தோல் கன்றிப்போகிறது.

இதற்காக வலைத்துணியையே உறையாகத் தைக்க வேண்டாம் என்பது என் கருத்து. முப்பரிமாண வலைத்துணி என்பது இரண்டு பின்னல் பரப்புகளுக்கு நடுவே செங்குத்தான பாலியெஸ்டர் இழைகளை நிறுத்தி வைத்தது. அதன் நடுவே காற்று ஓடும், மழைநீரும் தடையின்றி ஓடிக் கீழே உள்ள பஞ்சுக்குள் இறங்கும். ஆகவே நீரைத் தடுக்கும் வேலையை வினைலிடமும், காற்றைக் கொடுக்கும் வேலையை வலையிடமும் பிரித்துக் கொடுங்கள். வினைலால் தைத்த இருக்கையின் மேல், கழற்றி மாட்டக்கூடிய வலை உறையைப் பட்டைகளால் இறுக்கிக் கட்டினால் போதும். வலை நீரைப் பிடித்து வைக்காது, உதறிவிட்டு உட்காரலாம். நாள்பட நடு இழைகள் எடையில் படிந்து தட்டையாகிவிடும். அப்போது வலையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், இருக்கையைப் பிரிக்க வேண்டியதில்லை. பட்டை தளர்ந்திருந்தால் வளைவில் உறை நகரும் என்பதால், புறப்படுமுன் அதைச் சரிபார்ப்பது அவசியம்.

உராய்வு மிகுந்த ஸ்வேட் போன்ற பரப்பைச் சிலர் பந்தய மோட்டார்களைப் பார்த்துக் கேட்கிறார்கள். பந்தயத்தில் உடல் ஓரிடத்தில் நிற்க வேண்டும். நெடும்பயணத்திலோ நாம் அடிக்கடி இடம் மாறி அமர்ந்தால்தான் இரத்த ஓட்டம் சீராக இருக்கும். ஆளை அசையவிடாத பரப்பு நமக்கு உதவாது. மேற்பரப்பில் மெல்லிய சொரசொரப்பு பதித்த வினைல் நடுத்தரமாக இருக்கும்.

நிறத்தையும் யோசியுங்கள். கறுப்பு வெயிலில் தொட முடியாத அளவுக்குச் சுடும், வெளிர் நிறத்திலோ ஜீன்ஸ் துணியின் நீலச்சாயம் ஏறிப் போகாமல் நிற்கும். நான் இடைப்பட்ட சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன்.


தெலுக் இந்தான் வாசி:

உண்மையான தோலைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொல்லாததால் எழுதுகிறேன். நல்ல தோலில் அமர்ந்து நெடுந்தொலைவு போனவர்களுக்கு அதன் அருமை தெரியும்: அது உடலின் சூட்டை வாங்கிக்கொண்டு மெல்ல விடுகிறது, காலப்போக்கில் அமருபவரின் உடலுக்கு ஏற்றவாறு படிந்து கொடுக்கிறது, கிழிந்தாலும் கைத்தையலால் அழகாகச் செப்பனிடலாம். குரோம் முறையில் பதனிட்டு, மேற்பூச்சு இடப்பட்ட இருக்கைத் தோலைக் கேட்டு வாங்க வேண்டும். தாவர முறையில் பதனிட்ட தோல் நன்றாக நனைந்து காய்ந்தால் விறைத்துப் போகும். காற்றோட்டத்துக்காகத் துளையிட்ட தோலையும் மோட்டாருக்குப் போடக் கூடாது.

ஆயினும், வீட்டில் கூரைக்கடியில் மோட்டாரை நிறுத்தி, மழையில் நனைந்தால் நிழலில் உலர்த்தி, சில மாதங்களுக்கு ஒருமுறை தோல் பராமரிப்புக் களிம்பு பூசக்கூடியவருக்கே இது ஏற்றது. உலர்த்தாமல் விட்டால் பூஞ்சணம் படரும். ஆலை வாசலில் நாள் முழுவதும் நிற்கும் மோட்டாருக்குத் தோலைப் பரிந்துரைக்க எனக்கும் மனம் வரவில்லை. ஓட்டுபவர் பகுதியின் பக்கவாட்டில் மட்டும் தோலும் நடுவில் வினைலுமாகக் கலந்து தைப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் சுருங்கி விரிவதில்லை என்பதால் இணைப்புத் தையல் விரைவில் தளர்கிறது.


பணிநிறைவு பெற்ற ஆசிரியர்:

தம்பி, கடைக்காரர் வினைல் என்று சொல்வது வினைல்தானா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தடித்த செம்புக் கம்பி ஒன்றைக் குறட்டால் பிடித்து, அடுப்புச் சுவாலையில் பச்சை நிறம் ஏதும் தெரியாத வரை பழுக்கக் காய்ச்சுங்கள். சூட்டோடு அதை உறையின் மேற்பூச்சில் அழுத்தி, ஒட்டிக்கொண்ட சிறு துணுக்கோடு மீண்டும் சுவாலையில் காட்டுங்கள். சுவாலை பளிச்சென்று பச்சையாக மாறினால் அதில் குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி. பாலியூரித்தேன் பச்சை காட்டாது. இதைப் பைல்ஸ்டைன் சோதனை என்பார்கள். நகத்தளவு துண்டு போதும். புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருப்பதால் திறந்தவெளியில், புகை முகத்தில் படாதபடி காற்று வரும் பக்கத்தில் நின்று செய்ய வேண்டும். இந்தச் சோதனை பிவிசியை இனம் காட்டுமே தவிர, அது மரைன் தரமா சாதாரணத் தரமா என்பதைச் சொல்லாது; அதற்குச் சுருளில் உள்ள உற்பத்தியாளரின் விவரச் சீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

மற்றொன்று, தோட்டத்துப் பக்கம் வாழ்பவர்கள் கவனிக்க வேண்டியது. கொசுவுக்காகக் கையிலும் காலிலும் தெளித்துக்கொள்ளும் மருந்துகள் பலவற்றில் டீட் என்னும் பொருள் இருக்கிறது. அது வினைலையும் வேறு சில நெகிழிப் பொருள்களையும் இளக்கிப் பிசுபிசுப்பாக்கும் தன்மை கொண்டது. மருந்தைப் போட்டுக்கொண்ட கையோடு இருக்கையைத் தொடாமல் இருப்பதும், பட்டுவிட்டால் உடனே சோப்பு நீரால் துடைப்பதும் நல்லது.


சிப்புட் பயணி:

எல்லாருக்கும் நன்றி. பியு தோலையும் மாட்டுத் தோலையும் விட்டுவிட்டேன். நேற்றுக் கடைக்குப் போய் வினைலின் பின்புறத்தைப் பார்த்தேன். கனமானது நெய்த துணி ஒட்டியதாக இருந்தது. பின்னல் துணி ஒட்டிய சாம்பல் நிற மரைன் வினைலை ஈப்போவிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது வந்ததும், ஆசிரியர் ஐயா சொன்ன சோதனையைச் செய்துவிட்டுத்தான் வெட்டச் சொல்வேன். மேலே வலை உறை போடுவதும் முடிவாகிவிட்டது.

தையல் அக்காவிடம் ஒரு கேள்வி: பஞ்சுக்கும் வினைலுக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் போட்டால் நீர் இறங்காது என்கிறார் கடைக்காரர். அதைச் செய்யலாமா?


கூலிம் தையல்:

செய்யலாம் தம்பி, ஆனால் சாதாரணப் பாலித்தீன் தாள் வேண்டாம். அது ஒவ்வொரு அசைவுக்கும் சலசலக்கும், பஞ்சு அமுங்கும்போது மடிந்து வினைலின் மேல் வரி விழச் செய்யும், பிறகு மடிப்பிலேயே கிழியும். மெல்லிய, இழுபடும் பாலியூரித்தேன் படலம் கிடைத்தால் அதைப் போடுங்கள். பாலிஎதர் வகை என்று கேட்டு வாங்கினால், நான் முதலில் சொன்ன ஈரச்சிக்கல் அதற்கு மிகக் குறைவு. அந்தப் படலத்தை அடித்தட்டின் விளிம்பையும் தாண்டிக் கீழே மடித்துவிட்டால், தையல் வழியாக வரும் நீர் படலத்தின் மேலேயே வழிந்து வெளியே சொட்டிவிடும். அடித்தட்டில் உள்ள துளைகளை மட்டும் எதைக் கொண்டும் அடைக்காதீர்கள். பஞ்சு மூச்சுவிட அவை தேவை. பக்கவாட்டுத் தையல்களின் உட்புறத்தில் தையல் அடைப்புப் பசையை மெல்லியதாகத் தடவச் சொன்னால், படலத்துக்கே வேலை குறையும்.

உறையை அடித்தட்டில் பிடிக்கும் ஸ்டேப்ளர் முட்கள் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாதாரண முட்கள் ஓரிரு மழைக்காலத்திலேயே துருவேறி, வினைலின் விளிம்பைக் கறையாக்கி அறுத்துவிடும். நெகிழி அடித்தட்டுக்கு 6 மில்லிமீட்டர் கால் நீளம் பெரும்பாலும் போதும். நீளமானவை தட்டைத் துளைத்துப் பஞ்சுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும்.

உறையை மாட்டும் நாளில் வினைலைச் சிறிது நேரம் வெயிலில் விரித்து வைத்துச் சூடேற்றிய பிறகு இழுக்கச் சொல்லுங்கள். மூக்கில் முதலில் பிடித்து, பிறகு பின்முனையில் இழுத்துப் பிடித்து, கடைசியாக இரண்டு பக்கங்களையும் நடுவிலிருந்து வெளிநோக்கி மாறி மாறிப் பிடித்தால் சுருக்கம் மூலைகளுக்கு ஒதுங்கிவிடும். மனைவி அமரும் பகுதியில் படி உயரும் இடம்தான் கடினமானது. அங்கே உறை பஞ்சை விட்டு மேலே தூக்கி நின்றால், எத்தனை முட்கள் அடித்தாலும் இறங்காது. அந்த வளைவில் மட்டும் பஞ்சோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டச் சொல்லுங்கள்.