ஜே.டி.யோடு அரபு ஆய்வியல் எம்.ஏ.: நாலாவது வருஷம் தேவையா?

கல்லணைக்காரன்:
அக்கா மகள் வாஷிங்டனில், ஜார்ஜ்டவுன் சட்டப் பள்ளியில் முதல் வருஷம் ஜே.டி. (அமெரிக்கச் சட்டப் பட்டம்) படிக்கிறாள். அதோடு அரபு ஆய்வியல் எம்.ஏ.வையும் சேர்த்துக்கொள்ளப் போகிறாளாம். தனித்தனியாகப் படித்தால் மூன்றும் இரண்டும் ஐந்து வருஷம். கூட்டுப் பட்டமாக எடுத்தால் நாலில் முடியும். இளங்கலையில் கொஞ்சம் அரபி படித்திருக்கிறாள். அத்தான் ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணற்கேணி:
அத்தான் சொல்வதுதான் சரி. நான் துபாயில் ஒரு சட்ட நிறுவனத்தில் இருக்கிறேன். எங்கள் மேசைக்கு வரும் பெரிய ஒப்பந்தங்களில் தகராறு என்றால் துபாய்க்குள்ளேயே தனிச் சட்டத்தோடு இயங்கும் நிதி மண்டலமான டி.ஐ.எஃப்.சி.யின் நீதிமன்றம், இல்லையென்றால் லண்டன் நடுவர் தீர்ப்பு. இரண்டும் ஆங்கிலத்தில். அபுதாபியில் அதே மாதிரி நிதி மண்டலமான அபுதாபி குளோபல் மார்க்கெட் இன்னும் ஒரு படி மேலே போய் இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தையே (காமன் லா) எடுத்துக்கொண்டுவிட்டது. ஆள் எடுக்கும்போது வக்கீல் தொழில் உரிமம் இருக்கிறதா, என்னென்ன டீல் செய்திருக்கிறாய் என்றுதான் கேட்பார்கள். அரபு நாவல் படித்தாயா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நிலவுமொழி:
டி.ஐ.எஃப்.சி. வாசலைத் தாண்டினால் என்ன மொழி, மணற்கேணி சார்? ஒப்பந்தம் இரண்டு பத்தியாக இருக்கும், இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் அரபி. இரண்டும் முட்டிக்கொண்டால் துபாயின் சாதாரண நீதிமன்றம் அரபியைத்தான் பார்க்கும்.

மொழி மட்டுமில்லை. அமெரிக்கச் சட்டப் பள்ளி, ஒப்பந்தத்தில் எழுதியதைப் பிடித்துக்கொள் என்று பழக்குகிறது. எகிப்து உரிமையியல் சட்டத்தின் 147ஆம் பிரிவு வேறு மாதிரி. யாரும் எதிர்பாராத, ஊருக்கே பொதுவான ஒரு அசாதாரண நிலை வந்து, சொன்னபடி செய்தால் ஒருவர் நொடித்துப்போவார் என்றால், நீதிபதி அந்தக் கடமையை நியாயமான அளவுக்குக் குறைக்கலாம். ‘இந்தப் பிரிவு எங்களுக்குப் பொருந்தாது’ என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் செல்லாது. கத்தாரின் 2004 சட்டத்தில் 171ஆம் பிரிவும் இதேதான். கொரோனா வந்தபோது பல வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தப் பிரிவுகளைத் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று.

நாடு மாறினாலும் சட்டம் ஒரே ஜாடையில் இருப்பதற்கு அப்துர் ரஸ்ஸாக் சன்ஹூரி ஒரு பெரிய காரணம். 1948இல் எகிப்தின் சட்டத்தை வடித்தவர். 1951 ஈராக் சட்டத்திலும் அவர் கை உண்டு. சிரியாவும் லிபியாவும் எகிப்தையே பின்பற்றின. அவர் எழுதிய பத்துத் தொகுதி விளக்கவுரையை அரபு வக்கீல்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

மணற்கேணி:
சன்ஹூரி பெரிய ஆள்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த எம்.ஏ.வில் சன்ஹூரியா நடத்துகிறார்கள்? அதை நடத்தும் அரபு ஆய்வு மையம் 1975இல் தொடங்கியது, ஜார்ஜ்டவுனின் வெளியுறவுப் பள்ளியின் கீழ் இருக்கிறது. பாடமெல்லாம் வரலாறு, அரசியல், சமூகம், பொருளாதாரம். 147ஐ நான் கற்றுக்கொண்டது எங்கள் ஆபீஸ் எகிப்திய வக்கீலிடம், டீ குடிக்கிற நேரத்தில். அதற்கு ஒரு பைசா ட்யூஷன் கட்டவில்லை.

தோஹா தங்கராசு:
இரண்டு பேரும் கம்பெனி வழக்கையே பேசுகிறீர்கள். இங்கே சம்பளம் வராத நம் ஊர்ப் பையன்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் காகிதங்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒப்பந்தம் அரபியில், கீழே கைரேகை. அபுதாபி தொழிலாளர் நீதிமன்றத்தில் 2019இல் இந்தியையும் சேர்த்தார்கள், நல்லது. தமிழ் மட்டும் தெரிந்தவனுக்கு அதனால் என்ன? கத்தார் 2020இல் முதலாளியின் அனுமதி இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டத்தை மாற்றியதற்குப் பின்னால் எத்தனையோ ஆய்வறிக்கைகள், அழுத்தங்கள். சட்டமும் இந்த ஊர் அரசியலும் சேர்த்துத் தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

மணற்கேணி:
தங்கராசு அண்ணே, அந்த வேலைக்கு மரியாதை உண்டு, சம்பளம்தான் இல்லை. கடனைப் பாருங்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற மத்திய அரசின் மேற்படிப்புக் கடன் கிடையாது. சட்டப் படிப்புக்கு மத்திய அரசுக் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000. சாதாரண எம்.ஏ. என்றால் வருஷத்துக்கு 20,500தான். கூட்டுப் பட்டத்தில் எந்த வருஷம் எந்தக் கணக்கில் வரும் என்று நிதி உதவி அலுவலகத்தில் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

நிலவுமொழி:
இது நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். பொதுச் சேவை வேலைக்குப் போனால் 120 மாதத் தவணை கட்டிய பிறகு மீதிக் கடன் தள்ளுபடி ஆகும், 2007இலிருந்தே இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மணற்கேணி:
பத்து வருஷம்! சரி, அரபிதான் வேண்டும் என்றால் ஒரு வருஷம் விடுப்பு போட்டுவிட்டு அம்மானுக்கோ கெய்ரோவுக்கோ போய்ப் படிக்கட்டுமே. அமெரிக்க வெளியுறவுத் துறையே தன் ஆட்களுக்கு அரபிக்கு 88 வாரம், 2,200 மணி நேரம் ஒதுக்குகிறது. எம்.ஏ. வகுப்புகளுக்கு நடுவே அது வந்துவிடுமா?

நிலவுமொழி:
தானாக வராதுதான். ஆனால் அந்த எம்.ஏ.வில் அரபித் தேர்ச்சித் தேர்வில் தேறாமல் பட்டம் கிடையாது, அந்தக் கட்டாயம் நல்லது. நான் அகதி வழக்குகளில் வேலை செய்கிறேன். ஒரு சிரியக் குடும்பத்தின் பதிவேட்டு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளர் எப்போது போனை எடுப்பார் என்று காத்திருக்கும் வக்கீல்களைத் தினமும் பார்க்கிறேன்.

வாஷிங்டன்வாசி:
ஒரு சின்ன விஷயம். சட்டப் பள்ளி நியூஜெர்சி அவென்யூவில், நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில். எம்.ஏ. வகுப்புகள் நகரின் அந்தக் கோடியில், ஜார்ஜ்டவுன் மேட்டில். பல்கலைக்கழக பஸ் உண்டு, ஆனால் மாலை நெரிசலில் மாட்டினால் வகுப்பு போச்சு. நேர அட்டவணை போடும்போது பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

கல்லணைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. போனில் கேட்டேன். துபாய் ஒப்பந்தமெல்லாம் அவள் நினைப்பிலேயே இல்லையாம். துனிசியா 1956லேயே பலதார மணத்தைத் தடை செய்தது, மொராக்கோ 2004இல் குடும்பச் சட்டத்தை மாற்றியது. அந்த மாதிரி மாற்றம் எங்கே நடக்கிறது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதில்தான் வேலை செய்ய வேண்டுமாம்.

மணற்கேணி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அதற்கு டி.ஐ.எஃப்.சி. எதற்கு? வரலாறும் அரசியலும்தான் வேண்டும், எம்.ஏ. படிக்கட்டும். ஆனால் அந்த வேலையில் என்ன சம்பளம் வரும் என்று அத்தானிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கல்லணைக்காரன்:
அதை நான் சொல்ல மாட்டேன் சாமி. வக்கீல் ஆகப்போகிறவள், அவளே வாதாடட்டும்.