அம்மா முழங்காலுக்கு தினமும் தைலமும் பிளாஸ்டரும்… வார்ஃபரின் சாப்பிடறவங்களுக்கு இது ஓகேயா?

ஈசூன்_ராணி:
வணக்கம் எல்லாருக்கும். அம்மாவுக்கு 72, ரெண்டு முழங்காலும் தேய்மானம். இதயத்துல வால்வு மாத்தினதால ரொம்ப வருஷமா வார்ஃபரின் (ரத்தம் உறையாம இருக்க குடுக்கற மாத்திரை) சாப்பிடறாங்க. வலிக்கு பனடால் (பாராசிட்டமால்) குடுத்திருக்காங்க, ஆனா தைலம் தேச்சாதான் அவங்களுக்கு தூக்கமே வரும். காலைல ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ, ராத்திரி தேச்சிட்டு மேல பிளாஸ்டர், அதுக்கும் மேல சுடுதண்ணி பை. லிப்ட் கதவு தொறந்தாலே எங்க வீட்டு வாசம்தான். இப்ப பிளாஸ்டர் ஒட்டின இடம் சதுரமா செவந்து கெடக்கு. அது கூட பரவால்ல, போன மாசம் 2.6 இருந்த ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்ளோ நேரமாகுதுன்னு பாக்கற டெஸ்ட், நம்பர் ரொம்ப ஏறினா ரத்தக்கசிவு பயம்) நேத்து 4.3 வந்திருக்கு. புதுசா மருந்து ஏதும் சாப்பிடறீங்களாம்மான்னு நர்ஸ் கேட்டாங்க, இவங்க இல்லவே இல்லன்னுட்டாங்க. டோஸ் கொஞ்சம் மாத்திக் குடுத்து அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்தப்புறம்தான் எனக்கு தைலம் மேல சந்தேகம். தோலுக்கு மேல தேய்க்கறது ரத்தத்துல போய் வேல செய்யுமா?

தெம்பனிஸ்_மாமா:
எங்க ஆயா 90 வயசு வரைக்கும் கோடாலி தைலம் தேச்சாங்கம்மா, ஒண்ணும் ஆகல. சும்மா டென்ஷன் ஆகாத லா.

மருந்துக்கடை_மீனா:
மாமா, உங்க ஆயா வார்ஃபரின் சாப்பிட்டாங்களா? அதுதான் இங்க விஷயமே.

ராணிக்கா, நான் பார்மசி கவுண்டர்ல நெறைய வருஷம் நின்னவ, டாக்டர் இல்ல. பாட்டில் பின்னாடி பாருங்க, மெத்தில் சாலிசிலேட்னு போட்டிருக்கும், அந்த காரமான வாசம் பாதி அதோடதுதான். ஆஸ்பிரினோட சொந்தக்கார சாமான் அது. தோல் வழியா உள்ள போகும், வார்ஃபரினோட சேந்தா ஐஎன்ஆர் ஏறி ரத்தக்கசிவு வரைக்கும் போன கேஸ் எல்லாம் மருத்துவப் பத்திரிகைல வந்திருக்கு. எப்பவாச்சும் ஒரு சொட்டு தேய்க்கறது வேற, உங்கம்மா மாதிரி ரெண்டு கால் முழுக்க மூணு வேளை தேச்சு பிளாஸ்டர் போட்டு மூடி சூடும் வைக்கறது வேற. மூடி வச்சாலும் சூடு பட்டாலும் இன்னும் வேகமா உள்ள இழுக்கும், தோலும் வெந்துடும்.

அதனால இன்னிக்கே கிளினிக்குக்கு போன் போட்டு தைலம் பிளாஸ்டர் ரெண்டயும் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி தைலத்தோட சேத்துதான் டோஸ் பாத்திருப்பாங்க, நீங்க சொல்லாம திடீர்னு நிறுத்தினா ஐஎன்ஆர் கீழ போயிடும், வால்வு வச்சவங்களுக்கு அதுவும் ஆபத்து. வார்ஃபரினை நீங்களா கூட்டாதீங்க கொறைக்காதீங்க. ஈறுல ரத்தம் நிக்காம வர்றது, மலம் கறுப்பா போறது, தலைல அடிபட்டது இதுல ஏதாச்சும் இருந்தா போன் எல்லாம் வேணாம், நேரா ஏ அண்ட் இ, அவசரப் பிரிவுக்கு போங்க.

அப்ப வலி ஜெல் போடலாமான்னு அடுத்து கேப்பீங்க. டைக்ளோஃபினாக் ஜெல் மாத்திரைய விட ரத்தத்துக்கு போறது ரொம்ப கம்மி, சுமார் 6 சதவீதம்தான், ஆனாலும் வார்ஃபரின்காரங்களும் கிட்னி பிரச்சினை உள்ளவங்களும் கேட்டுட்டுதான் போடணும். கீட்டோப்ரோஃபென் ஜெல்லா இருந்தா தேச்ச இடத்துல வெயில் படக்கூடாது, நிறுத்தினப்புறமும் ரெண்டு வாரம் மூடி வைக்கணும், நம்ம ஊர் வெயிலுக்கு தேக்கா மார்க்கெட் போய்ட்டு வந்தாலே போதும். பனடால் கூட வாரக்கணக்குல தினமும் போட்டா ஐஎன்ஆர் கொஞ்சம் ஏறும், அதையும் சொல்லிடுங்க.

பேரப்பிள்ளைங்க இருந்தா பாட்டிலை உயரத்துல வைங்க. சுத்தமான விண்டர்கிரீன் எண்ணெய் (அது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட்தான்) ஒரு டீஸ்பூன் உள்ள போனா 300 மில்லிகிராம் ஆஸ்பிரின் 20 மாத்திரைக்கு மேல முழுங்கின கணக்கு.

செங்காங்_குமார்:
சூடு பத்தி மீனா சொன்னது 100% உண்மை. என் மவன் என்எஸ்ல (தேசிய சேவை) ரூட் மார்ச் முடிச்சு வந்து தொடைல மசில் கிரீம் தேச்சுட்டு உடனே ஹீட் பேட் கட்டிட்டு தூங்கிட்டான், காலைல பாத்தா கொப்பளம், ரெண்டு வாரம் எம்சி (மெடிக்கல் லீவு), கேம்ப்ல எல்லாரும் சிரிச்சு தள்ளிட்டாங்களாம். எனக்கு வேற கதை. மிளகாய் சத்து கிரீம், கேப்சைசின்னு இருக்குமே, அத தேச்சுட்டு கை கழுவாம கான்டாக்ட் லென்ஸ் கழட்டினேன். மேல சொல்லணுமா.

ஈசூன்_ராணி:
போன் பண்ணிட்டேன். தைலம் பிளாஸ்டர் ரெண்டும் நிறுத்தச் சொன்னாங்க, டோஸ் திரும்ப கணக்கு பண்ணி சொன்னாங்க, அடுத்த வாரம் மறுபடி ரத்தம் எடுக்கணும். மெடிசின் லிஸ்ட்ல தைலத்தையும் எழுதிக்கிட்டாங்க. அம்மா டிராயரை தொறந்து பாத்தேன், 7 பாட்டில், ஊர்ல இருந்து வந்தது முஸ்தபா கடைல வாங்கினது எல்லாம் கலந்து, 5 பாட்டில்ல அதே மெத்தில் சாலிசிலேட். எடுத்து வச்சுட்டேன்னு அம்மா எங்கிட்ட பேசல.

தெம்பனிஸ்_மாமா:
நானும் ரத்தத்த லேசாக்கற மாத்திரை ஒண்ணு சாப்பிடறேன் மீனா, கிளோபிடோக்ரெல். எனக்கும் இது பொருந்துமா?

மருந்துக்கடை_மீனா:
பொருந்தும் மாமா. வார்ஃபரின் மாதிரி ஐஎன்ஆர் பாக்கறது கிடையாது, ஆனா அதுவும் ரத்தக்கசிவ கூட்டற மருந்துதான். அடுத்த தடவ டாக்டர்கிட்ட போறப்ப பாட்டிலை பையில போட்டு எடுத்துட்டு போங்க.