மரங்களுக்கிடையே ஓட்டும் மலை ஸ்னோமொபைலுக்கு 600 எஞ்சின் போதுமா, 850 வேண்டுமா?

சரிவுப்பாதை:

அனைவருக்கும் வணக்கம். இதுவரை திறந்த சரிவுகளிலும் சீர்செய்யப்பட்ட பாதைகளிலும் மட்டுமே ஸ்னோமொபைல் ஓட்டிவந்த நான், வரும் பருவத்திலிருந்து பெரும்பாலும் அடர்ந்த மரங்களுக்கிடையே ஓட்ட விரும்புகிறேன். அதற்காகப் புதிய மலை வண்டி ஒன்றை வாங்கும் எண்ணத்தில் இருக்கிறேன். ஸ்கீ-டூ சம்மிட்டில் 600ஆர், 850 ஆகிய ரோடாக்ஸ் எஞ்சின்களும், போலாரிஸில் 650, 850 பேட்ரியட் எஞ்சின்களும், ஆர்க்டிக் கேட்டில் 600, 858 எஞ்சின்களும் ஏறத்தாழ ஒரே சட்டகத்தில் வருவதால், எந்த நிறுவனம் என்பதைவிட எந்த எஞ்சின் அளவு (சிசி) என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகிவிட்டது.

விற்பனையாளர்கள் எல்லோரும் பெரியதையே எடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் மரங்களுக்கிடையே நன்றாக ஓட்டுகிறவர்களில் சிலர், வசதி இருந்தும் 600-ஐயே விரும்பித் தேர்ந்தெடுப்பதைப் பார்க்கிறேன். முதுகுப்பை, உடைகள் உட்பட என் எடை ஏறத்தாழ 90 கிலோ. நான் ஓட்டப்போகும் இடங்கள் கடல்மட்டத்திலிருந்து 1,500 முதல் 2,400 மீட்டர் வரை உயரமுள்ளவை. உண்மையான வேறுபாடு எங்கே தெரிகிறது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஒற்றைக்கால்:

நான் 600-இன் பக்கம். காரணத்தைக் குதிரைத்திறனிலிருந்து தொடங்காமல், கட்டைவிரலிலிருந்து தொடங்குகிறேன்.

செங்குத்தான சரிவுக்குக் குறுக்கே, இரண்டு மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நோக்கிப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேட்டுப்பக்கப் பலகையில் ஒரு கால் மட்டும் ஊன்றியிருக்கிறது, மறுகால் காற்றில் தொங்குகிறது, கைப்பிடியைப் பள்ளத்தின் பக்கமாகத் திருப்பி வண்டியை மேட்டுப்பக்க விளிம்பில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இந்த நிலையில் வண்டியைச் சாயாமல் தாங்குவது உங்கள் தோள்வலிமை அன்று; எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைச் சிறுசிறு தட்டல்களாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும் கட்டைவிரல்தான். தேவைக்குச் சற்றுக் கூடுதலாக அழுத்தினால் வண்டியை உந்தும் ரப்பர்ப் பட்டையான ட்ராக் பிடித்துக்கொண்டு முன்பகுதி எழும்பும். எழும்பிய ஸ்கீ (முன்புறச் சறுக்குப்பலகை) பனியைத் தொடாது, பனியைத் தொடாத ஸ்கீயால் வண்டியைத் திருப்ப முடியாது. அடுத்த நொடி வண்டி நீங்கள் பார்த்த இடைவெளிக்குப் போகாமல், நேரே இருக்கும் மரத்தை நோக்கிப் போகும். 600-இலும் இதே தவறு நடக்கலாம். ஆனால் அங்கே அதைத் திருத்திக்கொள்ள அரை நொடியாவது கிடைக்கும். 850 அந்த அரை நொடியைத் தராது.

அடுத்தது சுழலும் எடை. காகிதத்தில் பார்த்தால் ஒரே சட்டகத்தில் இரண்டு எஞ்சின்களுக்கும் உள்ள எடை வேறுபாடு சில கிலோக்கள்தான். அதைப் பார்த்துவிட்டு, அரைத் தொட்டி பெட்ரோலுக்கு ஈடாகாத இந்த வேறுபாட்டுக்காகவா இவ்வளவு விவாதம் என்று சிலர் கேலி செய்வதுண்டு. எடை எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. நிமிடத்துக்கு 8,000 சுற்றுகள் வரை சுழலும் எஞ்சினின் முதன்மை அச்சான கிராங்க் ஷாஃப்ட் கனமாக இருந்தால், அது தன் அச்சை மாற்ற விடாமல் எதிர்க்கும். வலப்பக்கம் சாய்ந்திருக்கும் வண்டியை ஒரு மரத்தைத் தாண்டியவுடன் இடப்பக்கம் சாய்க்கும்போது இந்த எதிர்ப்பு கைகளில் நன்றாகவே தெரியும். காலையில் அது பெரிதாகத் தோன்றாது. பிற்பகலில், களைத்த கைகளோடு அதே வளைவுகளை எடுக்கும்போது சிறிய எஞ்சின் வண்டி எவ்வளவு இலகுவாகப் புரளுகிறது என்பது புரியும்.

மேட்டுப்பனி:

ஒற்றைக்கால் சொன்னவற்றில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் 2,400 மீட்டர் என்று எழுதியிருப்பதை அவர் கவனிக்காமல் விட்டுவிட்டார்.

காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீத ஆற்றலை இழக்கிறது. காற்று மெலிவதால் வரும் இழப்பு இது. எரிபொருளின் அளவைக் கணினி சரிசெய்துகொள்ளுமே தவிர, இல்லாத ஆக்சிஜனை அதனால் கொண்டுவர முடியாது. கடல்மட்டத்தில் 125 குதிரைத்திறன் தரும் 600ஆர், 2,400 மீட்டரில் ஏறத்தாழ 95-ஐத்தான் தரும். கடல்மட்டத்தில் 165 தரும் 850 அதே உயரத்தில் 125 அளவுக்கு இறங்கிவிடும். அதாவது அந்த உயரத்தில் 850 என்பது, தாழ்நிலத்தில் ஓடும் 600-க்குச் சமம். ஆற்றலை அடக்க முடியாது என்ற அச்சம் 1,000 மீட்டரில் நியாயமானது. 2,400 மீட்டரில் அதற்கு அவ்வளவு இடமில்லை.

மரங்களுக்கிடையே பனி எப்படி இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். காற்றும் வெயிலும் அதிகம் படாததால் அங்கே பனி இறுகாமல் நெடுநாள் பொடியாகவே கிடக்கும், திறந்த வெளியைவிட ஆழமாகவும் இருக்கும். திறந்த சரிவில் ஓடிவந்த வேகத்தைக் கொண்டே மேட்டைக் கடந்துவிடலாம். மரங்களுக்குள் அந்த ஓட்டம் கிடைக்காது. நின்ற இடத்திலிருந்து, இடுப்பளவு பனியில், மேட்டை நோக்கிக் கிளம்ப வேண்டிய தருணங்கள் அடிக்கடி வரும். அங்கே 600 திணறும்போது ட்ராக்கின் வேகம் குறைந்து வண்டி புதையும். புதைந்த வண்டியைத் தோண்டி எடுக்கும் உழைப்பை, கைகளின் களைப்பைப் பற்றிப் பேசிய நண்பர் தம் கணக்கில் சேர்க்கவில்லை.

ராக்கி மலைகளின் உலர்ந்த பொடிப்பனிக்கும் கடலோர மலைகளின் ஈரப்பனிக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஈரப்பனி வண்டியை மேலே தாங்கும், ஆனால் ட்ராக்கைச் சுழற்றக் கூடுதல் விசை கேட்கும்.

பனிப்பொடி:

850 எடுங்கள். குறைவாக அழுத்தலாம், இல்லாததை அழுத்திப் பெற முடியாது.

கிளட்ச்காரன்:

மேலே உள்ள வரி கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குறைவாக அழுத்தினாலும் வண்டி எப்படிக் கிளம்பும் என்பதைக் கட்டைவிரலோடு சேர்ந்து கிளட்ச்சும் தீர்மானிக்கிறது. முதன்மைக் கிளட்ச்சின் ஸ்பிரிங் கடினமாக இருந்தால், எஞ்சின் உயர்ந்த சுழற்சியை எட்டிய பிறகே கிளட்ச், ட்ராக்குக்கு ஆற்றலைக் கடத்தும் பெல்ட்டைப் பற்றும். அப்போது வண்டி மெதுவாக நகரத் தொடங்காமல் வெடுக்கென்று பாயும். மரங்களுக்கு நடுவே இந்தப் பாய்ச்சல்தான் பெரும் தொல்லை, 850 என்ற எண் அன்று. பெரிய எஞ்சினை எடுப்பவர் தாழ்ந்த சுழற்சியிலேயே மெல்லப் பற்றும்படி கிளட்ச்சைச் சரிசெய்துகொண்டால், ஒற்றைக்கால் அஞ்சுகிற குணத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

600 எடுப்பவருக்கும் வேலை இருக்கிறது. மரங்களுக்கிடையே உச்ச வேகத்தால் எந்தப் பயனும் இல்லை. ஆகவே கியர் விகிதத்தைத் தாழ்த்திக்கொண்டால் ட்ராக் எளிதாகச் சுழலத் தொடங்கும், மெதுவான வேகத்தில் கூடுதல் சுமையோடு ஓடும் பெல்ட்டும் அவ்வளவு சூடாகாது. உயரத்துக்கு ஏற்ற இலேசான எடைகளை முதன்மைக் கிளட்ச்சில் போடுவது மற்றொன்று. தாழ்நிலத்துக்கான எடைகளோடு மேலே போனால் எஞ்சின் தன் உச்ச சுழற்சியையே எட்டாது. ஏற்கெனவே 95-க்கு இறங்கிவிட்ட எஞ்சினிடம் அதையும் முழுதாக வாங்காமல் விட்டுவிட்டு, 600 திணறுகிறது என்று குறைகூறுபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

ட்ராக்கைப் பற்றி இதுவரை யாரும் பேசாதது வியப்பாக இருக்கிறது. உங்கள் எடைக்கும் நீங்கள் சொல்லும் உயரத்துக்கும் 154 அங்குல நீளமுள்ள ட்ராக் பொருத்தமானது. 146 இன்னும் சுருக்கமாகத் திரும்பும், ஆனால் ஆழமான பொடியில் வால்பகுதி தாழும். 165 மிதக்கும், ஏறும். நெருக்கமான மரங்களுக்குள் அந்த நீளத்தைத் திருப்புவது வேறு வகை உழைப்பு. 600-இல் 165 ட்ராக்கையும் 3 அங்குலப் பற்களையும் போட்டுக்கொண்டால், இருக்கும் கொஞ்ச ஆற்றலில் ஒரு பகுதி ட்ராக்கைச் சுழற்றவே போய்விடும்.

சரிவுப்பாதை:

எல்லோருக்கும் நன்றி. எனக்கு இன்னும் இரண்டு ஐயங்கள். டர்போ எடுத்தால் உயரத்தின் சிக்கலே இல்லாமல் போகுமே, அது சரியான வழியா? சோதனை ஓட்டத்துக்கு வாய்ப்புக் கிடைத்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

மேட்டுப்பனி:

உயரத்தின் சிக்கல் தீரும் என்பது உண்மைதான். 2020-ஆம் ஆண்டு மாடலாக ஸ்கீ-டூ வெளியிட்ட 850 டர்போ, 2,400 மீட்டர் வரை 165 குதிரைத்திறனைக் குறையாமல் தந்தது. போலாரிஸின் டர்போ எஞ்சினான பேட்ரியட் பூஸ்ட் 2022 மாடலில் வந்தது. ஆனால் உங்கள் தேவைக்கு நானே டர்போவைப் பரிந்துரைக்க மாட்டேன். 850 அந்த உயரத்தில் தானாகவே அடங்கிப் பணியும் என்பதுதான் என் வாதம். டர்போ அந்த அடக்கத்தை எடுத்துவிட்டுக் கூடவே எடையையும் ஏற்றுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் நீண்ட, திறந்த ஏற்றங்களில் ஓட்டுபவருக்கு அதன் அருமை தெரியும்.

ஒற்றைக்கால்:

டர்போவைப் பொறுத்தவரை நானும் மேட்டுப்பனியும் ஒரே பக்கம் நிற்பது அரிய நிகழ்வு. அவருடைய உயரக் கணக்கையும் ஏற்கிறேன். உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி 2,000 மீட்டருக்கு மேல் என்றால், தாழ்ந்த பற்றுதலுடன் கிளட்ச் அமைத்த 850-உம், அதற்குக் கீழே என்றால் 154 ட்ராக்குடன் 600-உம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

சோதனை ஓட்டத்தில் திறந்த வெளியில் முழு த்ராட்டில் கொடுத்துப் பார்ப்பது வீண். அங்கே எப்போதும் பெரிய எஞ்சின்தான் வெல்லும். மிதமான சரிவில், பொடிப்பனியில் வண்டியை முழுமையாக நிறுத்திவிட்டு, ட்ராக் குழிதோண்டாமல் மேட்டை நோக்கிக் கிளம்ப முடிகிறதா என்று பாருங்கள். பிறகு நடைவேகத்தில் வண்டியை ஒரு விளிம்பில் சாய்த்து, அதே சாய்வில் ஐம்பது மீட்டர் குறுக்கே கொண்டுபோய், மறுபக்கம் புரட்டுங்கள். இதை அன்றைய ஓட்டத்தின் முடிவில், களைத்திருக்கும்போது மீண்டும் செய்து பாருங்கள். எஞ்சினைப் பின்னோக்கிச் சுழலவைக்கும் ரிவர்ஸ் பொத்தான் கையுறையோடு எளிதில் எட்டுகிறதா என்பதையும் பாருங்கள். மரங்களுக்குள் அதை நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகப் பயன்படுத்துவீர்கள்.

எஞ்சின் எதுவானாலும், தாழ்ந்த கிளைகளுள்ள மரங்களின் அடியில் பனி இறுகாமல் உட்குழிவாக இருக்கும் என்பதால் அடிமரத்தை ஒட்டிப் போக வேண்டாம். அந்தக் குழிக்குள் தலைகீழாக விழுந்தவரால் தானாக வெளியே வருவது மிகக் கடினம், பனிக்குள் மூச்சு முட்டும். எஞ்சினை அணைக்கும் கயிற்றை உடையில் மாட்டியிருங்கள், துணைக்கு வருபவரைக் கண்பார்வையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடர்ந்த மரங்களுக்குள் எஞ்சின் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது அவர் நலமாக இருக்கிறார் என்பதற்கு உறுதியாகாது.