டெக்சாஸில் முள்ளந்தண்டு முறிந்த தொழிலாளிக்கு ஆயுட்கால வருமானக் கொடுப்பனவு கிடைக்குமா?

களுதாவளையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் கணவர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகருக்கு அருகே, கூரை வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் தொழில் பார்த்து வந்தார். கடந்த வருடம் வேலைத்தளத்தில் கூரையிலிருந்து விழுந்ததில் முள்ளந்தண்டு முறிந்து, இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. நிறுவனம் தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதி எடுத்திருந்தபடியால் வாராவாரம் ஒரு தொகை கிடைத்து வருகிறது. இலங்கையில், மட்டக்களப்பு மாவட்டத்துக் களுதாவளையில் அக்காவும் பிள்ளைகளும் அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கிறார்கள்.

இப்போது காப்புறுதி நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. தற்காலிகக் கொடுப்பனவு 104 வாரங்களுக்கு மேல் வழங்கப்படமாட்டாது என்றும், அதற்குப் பிறகு வைத்தியர் ஒருவர் நிர்ணயிக்கும் பாதிப்பு வீதத்தை (உடல் எந்தளவுக்கு நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டுள்ளது என்பதைக் காட்டும் வீதத்தை) பொறுத்துச் சில காலத்துக்குப் பணம் தரப்படும் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். அத்தான் இனி எழுந்து நடக்கமாட்டார் என்று சத்திரசிகிச்சை செய்த வைத்தியர்களே சொல்லிவிட்ட நிலையில், கொடுப்பனவுக்கு மட்டும் எப்படி முடிவுத் திகதி இருக்க முடியும் என்பது எங்களுக்கு விளங்கவில்லை. வாழ்நாள் முழுவதும் தரப்படும் கொடுப்பனவு ஒன்று அந்த மாநிலத்தில் உண்டா? அவரை ஊருக்குக் கூட்டி வந்து நாங்களே பராமரிக்க வேண்டும் என்று அக்கா விரும்புகிறார். அப்படி வந்துவிட்டால் உள்ளதும் நின்றுவிடுமா?

ஆரையூரான்

நான் ஆரையம்பதியைச் சேர்ந்தவன். பல வருடங்களாக டெக்சாஸில் வசிப்பதுடன், வேலைத்தளங்களில் காயமடைந்தவர்களின் கோப்புகளோடு தொடர்புடைய பணியில் இருக்கிறேன். உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை வாசித்து மிகவும் வருந்தினேன்.

அப்படியான கொடுப்பனவு உண்டு. டெக்சாஸ் தொழிற் சட்டக்கோவையின் 408.161 ஆம் பிரிவு அதற்கான காயங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இரு கண்களினதும் பார்வையை இழத்தல், இரு கைகளையோ இரு பாதங்களையோ அல்லது ஒரு கையையும் ஒரு பாதத்தையும் இழத்தல், முள்ளந்தண்டுக் காயத்தினால் இரு கால்களோ இரு கைகளோ நிரந்தரமாகவும் முழுமையாகவும் செயலிழத்தல், மீளமுடியாத கடுமையான மூளைக்காயம், உடலின் 40 வீதத்துக்குக் குறையாமல் பரவி, தோல் ஒட்டுச் சிகிச்சையும் தேவைப்படும் மூன்றாம் பாகைத் தீக்காயம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் அத்தானின் நிலை இதற்குள் நேரடியாக அடங்குகிறது.

கடிதம் சொல்லும் 104 வாரக் கணக்கு வேறு ஒரு கொடுப்பனவுக்கு உரியது. காயம் பட்டவர் தேறி வரும் காலத்துக்கு வழங்கப்படுவது தற்காலிக வருமானக் கொடுப்பனவு. அதன் பின்னர் பாதிப்பு வீதத்தின் ஒவ்வொரு வீதத்துக்கும் மூன்று வாரங்கள் என்று கணக்கிட்டு வழங்கப்படுவது இன்னொன்று. ஆயுட்காலக் கொடுப்பனவு அந்த வீதத்தில் தங்கியிருப்பதில்லை. காயம் சட்டத்தின் பட்டியலில் உள்ளதா, அது நிரந்தரமானதா என்பதே அங்கே பார்க்கப்படுகிறது. ஆகவே அத்தான் அந்தக் கடிதத்தை இறுதி முடிவாக ஏற்றுக்கொள்ளாமல், ஆயுட்கால வருமானக் கொடுப்பனவைத் தனியாக, எழுத்து மூலம், காப்புறுதி நிறுவனத்திடம் கோர வேண்டும். மறுத்தால் மாநிலத்தின் தொழிலாளர் நட்டஈட்டுப் பிரிவில் முதலில் மீளாய்வுக் கூட்டம், பின்னர் விசாரணை, அதன் பின்னர் மேன்முறையீடு என்று படிகள் இருக்கின்றன. காயமடைந்த ஊழியர்களுக்கென்றே உள்ள ஓர் அரச அலுவலகம் இந்த விசாரணைகளில் உதவுவதற்கு ஒருவரை இலவசமாகத் தருகிறது. அந்த உதவியைத் தயங்காமல் பெற்றுக்கொள்ளுங்கள்.

வைத்திய அறிக்கையின் சொற்களில் மிகுந்த கவனம் வேண்டும். முள்ளந்தண்டுப் பிரிவு ‘நிரந்தரமாகவும் முழுமையாகவும்’ செயலிழந்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஒரு விரலில் சிறு அசைவு இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு மறுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே சட்டம், ஓர் உறுப்பின் பயன்பாட்டை முற்றாகவும் நிரந்தரமாகவும் இழப்பது அந்த உறுப்பையே இழப்பதற்குச் சமம் என்றும் சொல்கிறது. எனவே இரு பாதங்களின் பயன்பாட்டையும் இழந்தவர் என்ற அடிப்படையிலும் கோரிக்கையை முன்வைக்கலாம். அதே வேளை, பட்டியலில் உள்ள உறுப்புக்கே காயத்தின் பாதிப்பு சென்றிருக்க வேண்டும் என்று 2011 இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே ‘வேலை செய்ய இயலாதவர்’ என்று வைத்தியர் பொதுவாக எழுதிக் கொடுப்பது போதாது. முள்ளந்தண்டுக் காயம் பாதங்களை எவ்வாறு செயலிழக்கச் செய்தது என்பதை அவர் விளக்கி எழுத வேண்டும்.

தொகையைப் பொறுத்தவரை, காயத்துக்கு முன்னர் பெற்ற சராசரி வாரச் சம்பளத்தின் 75 வீதம் வழங்கப்படும்; அதற்கு மாநிலம் விதித்த உச்ச வரம்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு வருடமும் 3 வீதம் கூடும். வாரம் 800 டொலர் உழைத்தவருக்கு 600 டொலரில் தொடங்கினால், அடுத்த வருடம் 618 டொலராகும்.

ஊர் திரும்புவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டு ஊழியரும் கொடுப்பனவுக்கு உரித்துடையவர் என்று 406.092 ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. அவர் விரும்பினால் அவருடைய நாட்டின் கொன்சல் அதிகாரி அவரைப் பிரதிநிதித்துவம் செய்யவும் இடமுண்டு. ஆயினும் வாராந்தப் பணமும் வைத்தியச் செலவும் இரண்டு தனித்தனி உரித்துகள். மட்டக்களப்பில் பெறும் சிகிச்சைக்கு யார், எந்த ஒழுங்கில் பணம் செலுத்துவார்கள் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளாமல் அவர் விமானம் ஏற வேண்டாம்.

சம்மாந்துறை வாசகன்

ஆரையூரானின் விளக்கத்துக்கு நன்றி. இதே காயம் எங்கள் பகுதியில் ஓர் அரிசி ஆலையிலோ கட்டட வேலையிலோ ஏற்பட்டிருந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் இங்கே பதிய வேண்டும் என்று நினைக்கிறேன். இதை வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் இங்கேதான் உழைக்கிறார்கள்.

இலங்கையில் எங்களுக்குள்ள சட்டம் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். நிரந்தர இயலாமைக்கு அது தருவது ஒரே தடவையில் வழங்கி முடிக்கும் ஒரு தொகை. நீண்ட காலம் ஐந்தரை இலட்சம் ரூபாயாக இருந்த அதன் உச்ச வரம்பு 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்துடன் 20 இலட்சமாக உயர்ந்தது. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்துகளும் அதே திருத்தத்தில் உள்ளடக்கப்பட்டன. இவை நல்ல மாற்றங்கள்தாம். ஆனாலும் இருபத்தைந்து வயதில் படுக்கையில் விழும் ஒருவருக்கு 20 இலட்சம் எத்தனை வருடங்களுக்குப் போதும்?

எங்கள் அயலில் அரிசி ஆலையின் பட்டியில் அகப்பட்டு வலது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தம்பி இருக்கிறார். நட்டஈடு கிடைத்த நேரத்தில் வீட்டின் மேல் கடன் இருந்தது, தங்கையின் கலியாணம் பேசி முடிந்திருந்தது. குடும்பத்தில் யாரும் வீண்செலவு செய்யவில்லை. அவசியமானவற்றுக்கே பணம் போனது. ஆனால் இன்று அவர் சட்டையின் பொத்தானைப் பூட்டவும் உம்மாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, மாதாந்தம் வருமானம் என்று எதுவும் இல்லை. சர்வதேச தொழில் தாபனத்தின் 1964 ஆம் ஆண்டின் 121 ஆம் இலக்கச் சமவாயம் இதனால்தான் நிரந்தர இயலாமைக்குக் காலமுறைக் கொடுப்பனவையே பொது விதியாக வைத்து, மொத்தத் தொகையை விதிவிலக்காக மட்டும் அனுமதிக்கிறது. பிறருடைய இடைவிடாத உதவி தேவைப்படுவோருக்கு மேலதிகத் தொகை வழங்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. உச்ச வரம்பை உயர்த்தும்படி கேட்கும் எங்கள் தொழிற்சங்கங்கள் மாதாந்தக் கொடுப்பனவையும் அதே உரத்துடன் கேட்க வேண்டும்.

நடைமுறையில் ஒரு விடயம். நாட்கூலிக்குப் போனவர், பெயர் பதிவில் இல்லை என்று முதலாளி சொன்னால் அதை நம்பிப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். ஆலையின் தொழிலுக்காகவே வேலை செய்தவர் தொழிலாளிதான். ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவர் என்ற வைத்தியச் சான்றிதழுடன் வயது வரும் முன்னரே அதனை மீளப் பெறலாம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியிலும் நிரந்தர இயலாமைக்கு உதவி உண்டு. தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கல்லடித் தாதி

முள்ளந்தண்டு நோயாளர்களைப் பராமரிப்பவள் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வருமானத்தைவிட வைத்திய உரித்துப் பெறுமதியானதாக முடியலாம். உணர்ச்சியற்ற உடலை இரவிலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்பு எலும்பின் மேல் தோல் முதலில் சிவக்கும், பிறகு எலும்பு தெரியும் அளவுக்குப் புண்ணாகும். சிறுநீர்க் குழாய், காற்று மெத்தை, சக்கர நாற்காலி, இடைக்கிடை வரும் சிறுநீர்த் தொற்றுக்கான மருந்து ஆகியவை ஆயுள் முழுவதும் வேண்டியவை. அக்கா ஒருவரால் தனியே செய்யக்கூடிய பராமரிப்பல்ல இது. அத்தான் அங்கிருந்து புறப்படுவதற்கு முன்னர், நாற்காலியும் மெத்தையும் அவருடைய உடல் அளவுக்கு ஏற்பக் கிடைப்பதை உறுதிசெய்யுங்கள்.

களுதாவளையான்

உங்கள் மூவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆயுட்காலக் கொடுப்பனவுக்கான எழுத்து மூலக் கோரிக்கையை அத்தான் அனுப்பிவிட்டார். வைத்தியரிடமும் விளக்கமான அறிக்கை கேட்டிருக்கிறார். கடிதத்தில் காட்டப்பட்டுள்ள சராசரிச் சம்பளம், அவர் உண்மையில் வீட்டுக்குக் கொண்டுவந்ததைவிடக் குறைவாக இருக்கிறது. மேலதிக நேர வேலைக்கான பணம் அதில் சேராதா?

ஆரையூரான்

சேர வேண்டும். காயம் ஏற்படுவதற்கு முந்திய 13 வாரங்களில் பெற்ற சம்பளத்தின் சராசரியே கணக்கில் எடுக்கப்படும். மேலதிக நேரக் கொடுப்பனவும் சம்பளம்தான். நிறுவனம் தங்குமிடம் கொடுத்து அது பின்னர் நிறுத்தப்பட்டிருந்தால் அதன் பெறுமதியையும் கேட்கலாம். அந்த 13 வாரங்களுக்குமான சம்பளச் சிட்டைகளை எடுத்து, ஒவ்வொரு வாரத்தையும் நிறுவனம் காப்புறுதிக்குக் கொடுத்த சம்பள அறிக்கையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 75 வீதமும், வருடாந்தம் கூடும் 3 வீதமும் அந்த ஒரே எண்ணிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன என்பதால், ஆயுட்காலக் கோரிக்கைக்கு முடிவு வரும்வரை காத்திராமல் இந்தத் திருத்தத்தையும் இப்போதே எழுத்தில் கேளுங்கள்.